கணினி கேட்டறியாத தோட்டத்துத் தமிழ்

“பெரட்டு முடிஞ்சு நெரைக்குப் போறதுக்குள்ள மழ புடிச்சிக்கிச்சு. மங்கு பூரா தண்ணி. இன்னிக்கு ஒட்டுப்பால் எடுத்ததோட சரி.”

ரந்தாவிலோ பகாவிலோ ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பிழைத்த எழுபது வயதுப் பாட்டி ஒருவர் இப்படிச் சொன்னால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேத்திக்குப் பாதிதான் புரியும். பெரட்டு என்றால் விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டம். நிரை என்பது ஒருவர் வெட்ட வேண்டிய மரங்களின் வரிசை. மங்கு, பால் வடிந்து சேரும் கிண்ணம். வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டிக்கொண்டதை உரித்தெடுத்தால் அது ஒட்டுப்பால். மூன்றே வாக்கியங்களில் ஒரு தொழிலின் காலைப்பொழுது முழுக்க அடங்கியிருக்கிறது. இந்தப் பேச்சை எழுத்தாக்கும்படி ஒரு கணினியிடம் கொடுத்தால், அது சென்னைத் தொலைக்காட்சிச் செய்தியிலும் திரைப்படத்திலும் கேட்டுப் பழகிய சொற்களில் எது அருகில் ஒலிக்கிறதோ அதை எடுத்து ஒட்டும். ‘மங்கு’ என்ற சொல் அதற்குத் தெரியும், ஒளி மங்குவதாக. கிண்ணமாகத் தெரியாது.

இணையத்தில் வலுவில்லாத மொழிகளைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் முழு மொழிகளையே எண்ணிக்கொள்கிறோம். இன்ன மொழிக்கு எழுத்துரு இல்லை, இன்ன மொழிக்கு அகராதி இல்லை என்று பட்டியல் போடுகிறோம். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களில் நூறாண்டுக்கு மேல் புழங்கிய தமிழ் அப்படி எந்தப் பட்டியலிலும் வராது. அது ‘தமிழ்’ என்ற பெரிய பெயருக்குள் இருக்கிறது. அந்தப் பெயருக்குக் கணினி உலகில் நல்ல இடம் கிடைத்துவிட்டது. பெரிய பெயர் பெற்ற வெற்றியே உள்ளே இருக்கும் சிறிய பேச்சின் வறுமையை மறைக்கிறது என்பதுதான் என் வாதம். இந்த வறுமையைத் தீர்க்கக் கிடைத்திருக்கும் காலம் குறைவு என்பதும் அதில் அடங்கும்.

முதலில் வெற்றியைச் சொல்லிவிட வேண்டும். அதில் மலேசியத் தமிழருக்குப் பெரும்பங்கு உண்டு. ஆசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறன் 1997இல் ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ தொகுத்தவர். அவருடைய மகன் முத்து நெடுமாறன் 1980களிலேயே ‘முரசு அஞ்சல்’ என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். கைப்பேசியில் தமிழ் எழுத வழி செய்த ‘செல்லினம்’ அவருடையதே. ஆப்பிள் கணினிகளில் வரும் ‘இணைமதி’ எழுத்துரு அவர் வடித்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1990களில் தொடங்கிவைத்த முயற்சிகளும், 2001இலும் 2013இலும் கோலாலம்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாடுகளும் இந்த வரலாற்றின் பகுதிகள். தமிழ் விக்கிப்பீடியாவில் மலேசிய ஊர்களைப் பற்றியும் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றியும் தன்னார்வலர்கள் எழுதிச் சேர்த்த கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. உலக மொழிகளைக் கணினி வளத்தின்படி 0 முதல் 5 வரை ஆறு வகுப்பாகப் பிரித்த ஆய்வு ஒன்று 2020இல் வந்தது. ஏறக்குறைய 2,500 மொழிகளை அது எடுத்துக்கொண்டது. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு நெருக்கமானவை எதுவுமே இல்லாத அடித்தட்டில் நின்றன. தமிழ் நடுத்தட்டில் நின்றது. இது சாதாரணச் செய்தி இல்லை.

ஆனால் அந்த நடுத்தட்டில் நிற்பது எந்தத் தமிழ்? நாளேடுகளின் தமிழ், விக்கிப்பீடியாவின் தமிழ், அரசாணைத் தமிழ், கொஞ்சம் திரைத் தமிழ். உலகக் கணினிகளும் கைப்பேசிகளும் நாடுதோறும் மொழி வழக்கங்களைத் தெரிந்துகொள்ள யூனிகோட் அமைப்பு ஒரு பொதுத் தரவுக் களஞ்சியம் வைத்திருக்கிறது. அதில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ், மலேசியத் தமிழ் என்று நான்கு வாசல்கள் உண்டு. மலேசியத் தமிழ் என்ற வாசலைத் திறந்து பார்த்தால் ரிங்கிட்டின் குறியீட்டையும் இன்னும் சில சில்லறை வேறுபாடுகளையும் தவிர உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை.

இந்தப் பேச்சு எப்படி விளைந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அது எப்படிக் கரைகிறது என்பது தெரியும்.

சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த ரயில் பாதை 1891இல் திறக்கப்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் லிங்கி, ரந்தாவ், சிலியாவ், லாபு, தம்பின், பகாவ் வட்டாரங்களில் ரப்பர் பரவியது. லின்சம், சுவா பெத்தோங், பிராட்வால், கிர்பி, கெடிஸ், சென்ட் ஹெலியர், ரீஜண்ட், ஜெராம் பாடாங் எனத் தோட்டங்களின் பெயர்கள் இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் நிற்கின்றன. மேற்பார்வையாளரே ஊரிலிருந்து ஆள் திரட்டும் கங்காணி முறையில் சேலம், தஞ்சை, திருச்சி, வட ஆர்க்காட்டுப் பக்கங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், பல மாவட்டத்துப் பேச்சுகள் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்தன. தெலுங்கரும் மலையாளிகளும் உடன் இருந்தார்கள். சந்தையில் சீனர், கம்பத்தில் மலாய்க்காரர், பங்களாவில் ஆங்கிலத் துரை. இந்த நெருக்கத்தில் தோட்டத்துத் தமிழ் தனக்கென ஒரு சொற்கிடங்கைச் சேர்த்துக்கொண்டது. ரப்பர் ‘கித்தா’ ஆனது, தோளில் வாளி சுமக்கும் கழி ‘காண்டா’ ஆனது, சாலை ‘சடக்கு’ ஆனது. காலை உணவுக்கு வாய் நிறையப் ‘பசியாறல்’ என்று இந்நாட்டுத் தமிழர் சொல்கிறோம். கிராணி (எழுத்தர்), தண்டல் (மேற்பார்வையாளர்), ஆயாக்கொட்டகை (குழந்தைக் காப்பகம்) என்று தோட்டத்து ஆட்சிமுறை முழுவதற்கும் பெயர்கள் உண்டு.

வேலையின் ஒவ்வோர் அசைவுக்கும் சொல் இருந்தது. ரப்பர் மரத்துக்குள் நீரழுத்தம் விடியலில்தான் அதிகம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் சுருங்கிவிடும். அதனால்தான் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு நிரைக்குப் போனார்கள். பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். உளி கொஞ்சம் ஆழமாய் இறங்கினால் மரத்தில் ‘காயம்’ விழும், அந்த இடத்தில் பட்டை மறுபடி சீராக வளராது, கங்காணி ஏசுவார். ஆழம் குறைந்தாலோ பால் வராது, எடை குறையும், சம்பளம் குறையும். இந்த நுட்பம் கையில் இருந்தது. அதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் வாயில் இருந்தன. தோட்ட நிர்வாகத்தின் கையேடுகள் ஆங்கிலத்தில் அச்சாயின. வெட்டிய கைகளின் தமிழ் அச்சேறவில்லை.

1970களுக்குப் பிறகு ரப்பர் இடத்தில் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். குலை வெட்டுவதற்கும் பழம் பொறுக்குவதற்கும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நீலாய், லாபு, செண்டாயான் பக்கங்களில் தோட்ட நிலங்கள் வீடமைப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. நாடு முழுவதும் 1980க்கும் 2000க்கும் இடையில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் தோட்டங்களை விட்டு வெளியேற நேர்ந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. லயம் கலைந்தபோது வீடு மட்டும் போகவில்லை. ஒரே வேலையைச் செய்துகொண்டு ஒரே பேச்சைப் பேசிய அக்கம்பக்கமும் போயிற்று. அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியேறியவருக்கு ‘நிரை’ என்று சொல்ல வேண்டிய தேவை எங்கே வரும்? வேலை நின்றதும் அதன் சொற்களுக்குக் கேட்பார் இல்லாமல் போயிற்று.

இந்த இடத்தில் நெகிரி செம்பிலானுக்கே உரிய ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். இந்தச் சிறிய மாநிலத்தில் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சிறு மொழிகள் இருக்கின்றன. இங்குள்ள மலாய்க்காரர் வீட்டில் பேசுவது பள்ளியில் படிக்கும் மலாய் இல்லை. மேற்குச் சுமத்திராவின் மினாங்கபாவ் மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு கொண்டுவந்த வழக்கிலிருந்து வளர்ந்த தனிப் பேச்சு. தாய்வழி உரிமை பேசும் அடாட் பெர்பாத்தே மரபும் அதோடு வந்ததுதான். மெட்டா நிறுவனம் 2022இல் வெளியிட்ட 200 மொழி மொழிபெயர்ப்பு மாதிரியில் மினாங்கபாவ் இடம்பெற்றது. கூகுள் 2024இல் புதிதாகச் சேர்த்த 110 மொழிகளிலும் அது உண்டு. சுமத்திராவில் இருக்கும் உறவுமொழிக்கு இடம் கிடைத்தது. குவாலா பிலாவிலும் ரெம்பாவிலும் பேசப்படுவது ‘மலாய்’ என்ற பெரிய பெயருக்குள் கரைந்து நிற்கிறது. தோட்டத் தமிழின் நிலையும் அச்சு அசலாக இதுவே. தோட்டங்களை ஒட்டிய காடுகளில் வாழும் தெமுவான் பூர்வகுடிகளின் மொழிக்கு இந்த வரிசைகளில் எங்குமே இடமில்லை. பகாங் எல்லையை ஒட்டி வாழும் செமெலாய் மக்களின் மொழிக்கு நிக்கோல் க்ருஸ்பே எழுதிய விரிவான இலக்கணம் 2004இல் வந்தது. ஒரு நல்ல இலக்கண நூல் இருந்தும் அந்த மொழியில் கைப்பேசி பேசவில்லை. நூல் எழுதுவதும் கணினிக்குக் கற்பிப்பதும் வேறு வேறு வேலைகள் என்பதற்கு இது போதிய சான்று.

தமிழும் இந்தக் கதையில் எப்போதும் சிறிய பக்கம் நின்றதில்லை. தோட்டங்களில் தெலுங்குப் பள்ளிகளும் மலையாளப் பள்ளிகளும் நடந்த காலம் உண்டு. அவை மூடப்பட்டபின் அந்தப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்கு வந்தார்கள். பல குடும்பங்களில் மூன்றாம் தலைமுறை தமிழே பேசியது. லயத்துத் தெலுங்கும் லயத்து மலையாளமும் எவ்விதப் பதிவும் இல்லாமல் ஓய்ந்தன. நமக்குக் கீழே இருந்த சிறுமொழிகளுக்கு நேர்ந்ததை நாம் கவனிக்கவில்லை. இப்போது அதே நிலை நம் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது.

கணினி பேச்சைக் கற்கும் விதம் எளிது. மனிதர் பேசியதும் அதன் எழுத்து வடிவமும் இணையாக வேண்டும், அதுவும் ஏராளமாக வேண்டும். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022இல் வெளியிட்ட ‘விஸ்பர்’ என்ற பேச்சறி மாதிரிக்கு 680,000 மணி நேர ஒலி ஊட்டப்பட்டது. அதில் ஆங்கிலம் தவிர்த்த 96 மொழிகளுக்கும் சேர்த்துக் கிடைத்த எழுத்தாக்கப் பங்கு 117,000 மணி நேரம். இணையத்தில் கிடைத்ததை வாரி எடுத்ததால் வந்த கணக்கு இது. இணையத்தில் யார் பேசுகிறார்களோ அவர்கள் மொழி வளர்கிறது. பால் வெட்டிய பாட்டி இணையத்தில் பேசவில்லை.

இந்தக் குறையை உணர்ந்த நாடுகள் தாங்களே மக்களிடம் போயின. சென்னை ஐஐடியின் ‘ஏஐ4பாரத்’ குழு ‘இண்டிக்வாய்சஸ்’ என்ற திட்டத்தில் மாவட்டம் மாவட்டமாகச் சென்று குரல் சேர்த்தது. 2024இல் வெளியான முதல் தொகுப்பிலேயே 145 மாவட்டங்கள், 22 மொழிகள், 16,000க்கும் மேற்பட்ட குரல்கள். பெரும்பகுதி எழுதிவைத்து வாசித்ததாக இல்லாமல் இயல்பாகப் பேசியது. சிங்கப்பூர் தன் தேசியப் பேச்சுத் தொகுப்பில் ஆங்கிலத்தோடு தமிழ் கலந்து பேசும் உரையாடலையும் சேர்த்தது. அங்கிருந்து 2023இல் வந்த ‘சீலயன்’ மொழி மாதிரி தென்கிழக்காசிய மொழிகளுள் ஒன்றாகத் தமிழை எடுத்துக்கொண்டது. இந்தியத் திட்டம் இந்திய மாவட்டங்களோடு நிற்கிறது. சிங்கப்பூர்த் திட்டம் சிங்கப்பூரரோடு நிற்கிறது. ஜொகூர் நீரிணைக்கு வடக்கே, வங்கக் கடலுக்குக் கிழக்கே பேசப்படும் தோட்டத் தமிழ் இரண்டின் எல்லைக்கோட்டுக்கும் வெளியே விழுகிறது. இதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் தங்கள் மக்களுக்குச் செய்தார்கள். நம் மக்களுக்கு நாம் செய்ய வேண்டும்.

எழுத்திலும் ஒரு சிக்கல் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது. ‘தோட்டம்’ என்று எழுதினால் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோட் அதை ஏழு குறிகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் சேமிப்பில் 3 பைட்டு, ஆக 21 பைட்டு. அதே பொருளுள்ள ‘லாடாங்’ என்ற மலாய்ச் சொல்லை ரோமன் எழுத்தில் எழுதினால் 6 பைட்டு போதும். பழைய கைப்பேசிக் குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து இடம் இருந்தது, தமிழுக்கு 70. இன்றைய மொழி மாதிரிகள் பல தமிழ்ச் சொல்லைச் சுக்குநூறாக உடைத்தே படிக்கின்றன. துண்டு கூடக் கூட நேரமும் செலவும் ஏறுகின்றன. இந்தச் சுமை எல்லாத் தமிழருக்கும் பொது. ஆனால் குறைந்த விலைக் கைப்பேசியில் முன்கட்டண இணையத்தை அளந்து செலவழிக்கும் குடும்பத்தில் அது வேறு விதமாக முடிகிறது. தமிழ் விசைப்பலகை இருந்தும் இளையோர் ரோமன் எழுத்தில் தமிழைத் தட்டுகிறார்கள். ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். பெரியவர்கள் எழுதுவதை விட்டுப் புலனத்தில் (வாட்ஸ்அப்) குரல்செய்தி அனுப்புகிறார்கள்.

அந்தக் குரல்செய்திகளை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு ஏக்கம் வருகிறது. இன்று தோட்டத் தமிழ் உயிரோடு புழங்கும் மிகப்பெரிய இடம் அநேகமாக அதுதான். திருமணச் செய்தி, சாவுச் செய்தி, கோயில் திருவிழாக் கணக்கு, சொந்தத்துக்குள் சண்டை, சமாதானம் எல்லாம் அங்கே நடக்கின்றன. அவை தனிப்பட்டவை, அப்படியே இருக்க வேண்டும். அவற்றை எவரும் எடுத்துக் கணினிக்கு ஊட்டக் கூடாது. ஆக, மொழி நாள்தோறும் மணிக்கணக்கில் மின்வழியே ஓடிக்கொண்டிருந்தும் அதன் சுவடு பொதுவெளியில் படியவில்லை. வேறு வழியில், கேட்டு, ஒப்புதல் வாங்கித்தான் சேர்க்க வேண்டும்.

பழைய அச்சிலிருந்து எடுக்கலாமே என்று கேட்கலாம். எடுக்கக் கூடியது கொஞ்சம் உண்டு. மலாயாவில் 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளேடு 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. தொண்ணூறு ஆண்டுக்கு மேலான அந்த இதழ்களில் தோட்டத்துச் செய்தியும் தோட்டத்தார் எழுதிய கடிதங்களும் கதைகளும் இருக்கின்றன. சிங்கப்பூரின் தேசிய நூலக வாரியம் ‘தமிழ் முரசு’ பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. அதில் மலாயாத் தோட்டங்களும் வருகின்றன. அ. ரெங்கசாமி, ஆர். சண்முகம் போன்றோரின் நாவல்கள் தோட்டத்தையும் சயாம் மரண ரயிலையும் எழுதின. இலங்கை நமக்குச் சிறந்த முன்மாதிரி. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் மலையகத் தமிழரின் நூல்களையும் துண்டுப் பிரசுரங்களையும் படங்களையும் மின்வடிவில் சேர்த்து யாவரும் படிக்க வைத்திருக்கிறது. தேயிலைத் தோட்டத்தார்க்கு அங்கே கிடைத்த நினைவுக்கிடங்கு பால்மரத் தோட்டத்தார்க்கு இங்கே அதே அளவில் கிடைக்கவில்லை.

இன்னொரு கிடங்கும் உண்டு. மலாயாத் தோட்டங்களை நிர்வகித்த ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்ட் நிறுவனத்தின் ஆவணங்கள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் வரிசை எண்ணிட்டுப் பாதுகாக்கப்படுகின்றன. தோட்டத்தின் வரவு செலவும் துரைமாரின் கடிதங்களும் எத்தனை ஆண்டு கழித்தும் ஒருவர் தேடிப் படிக்கலாம். அதே தோட்டத்தில் மரம் வெட்டியவர் தன் வாயால் சொன்னதைத் தேடிக் கேட்க முடியாது. வருங்காலக் கணினி தோட்டத்தைப் பற்றி எதைக் கற்கும் என்பதை இந்த ஏற்றத்தாழ்வே முடிவு செய்யும். துரை எழுதிவைத்த ஆங்கிலத்திலிருந்து அது தோட்டத்தைத் தெரிந்துகொள்ளும், நம் பிள்ளைகள் கேட்டால் அதையே நமக்குத் திருப்பிச் சொல்லும். இது மொழியோடு நிற்கும் சிக்கல் இல்லை. வரலாற்றை யார் சொல்வது என்ற உரிமைச் சிக்கல்.

துரையின் ஆவணத்துக்கும் பாட்டியின் பேச்சுக்கும் இடையில் பள்ளிகள் இருக்கின்றன. மலேசியத் தமிழுக்கு எது நடந்தாலும் அது பள்ளி வழியேதான் நடந்திருக்கிறது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி வைத்தாக வேண்டும் என்றது. வைத்தார்கள்தான், பல இடங்களில் ஒப்புக்கு. ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், சில இடங்களில் கிராணியே வாத்தியார். குறைகள் ஆயிரம் இருந்தும், முதலாளிக்குக் கடமை என்று ஒன்றை எழுத்தில் வைத்தது அந்தச் சட்டம். அதன் பலனாகவே தோட்டத்துப் பிள்ளைகள் தமிழ் எழுதக் கற்றார்கள். 1957இல் நாடு முழுவதும் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இன்று ஏறக்குறைய 530. நெகிரி செம்பிலானில் 61. தோட்டம் போனபின்னும் பல பள்ளிகள் தோட்டப் பெயரோடு நிற்கின்றன. இந்த மாநிலத்தில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர் இந்திய வம்சாவளியினர் என்பதால் இப்பள்ளிகளின் பொறுப்பு பெரிது.

கோவிட் பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் இயங்கலைக்கு மாறியபோது கல்வி அமைச்சு எடுத்த கணக்கில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை. ஒரு திறன்பேசியை மூன்று பிள்ளைகள் மாறி மாறிப் பிடித்த வீடுகளைத் தோட்டப்புறத்தில் எங்கும் பார்க்க முடிந்தது. செம்பனைக்கு நடுவே அலைவரிசை தேடி மேட்டுக்கு ஏறியவர்களும் உண்டு. அந்தக் காலத்தில் ஏறிய திரை நேரத்தில் தமிழ் எவ்வளவு என்று கேட்டால், பாடநூல் தமிழ் கொஞ்சம் வந்தது, வீட்டுத் தமிழ் வரவில்லை.

இங்கே நம் மனப்பான்மையைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. தோட்டப் பேச்சைத் திருத்த வேண்டிய பேச்சாகவே நாம் வைத்திருக்கிறோம். ‘சடக்கு’ என்று எழுதும் பிள்ளையின் கட்டுரையில் சிவப்புக் கோடு விழுகிறது. எழுத்துத் தமிழ் கற்பிப்பது பள்ளியின் கடமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் திருத்துவதோடு நிறுத்திக்கொண்டால் பாட்டியின் பேச்சு வெட்கப்பட வேண்டியது என்றே பிள்ளை எடுத்துக்கொள்ளும். பிறகு அதை இணையத்தில் எழுதவோ பேசிப் பதியவோ அந்தப் பிள்ளை ஏன் முன்வரும்? மலேசிய, சிங்கப்பூர்த் தமிழை ஆராய்ந்த ஹெரால்டு ஷிஃப்மன், பேச்சுத் தமிழுக்கு மதிப்புத் தராத கொள்கை தமிழைக் காப்பாற்ற உதவாது என்று இருபது ஆண்டுக்கு முன்பே எச்சரித்தார். சிங்கப்பூர் 2005இல் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்தபோது தரமான பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் கொடுத்தது. நாமும் கொடுக்கலாம். அதற்குமேல் ஒருபடி போய், தோட்டத்துப் பேச்சைப் பாடப்பொருளாகவே எடுக்கலாம்.

வழி என்ன? நியூசிலாந்தில் மாவோரி மக்களின் தே ஹிகு என்ற வானொலி நிலையம் 2018இல் ஒரு போட்டி வைத்தது. பத்தே நாளில் ஏறக்குறைய 2,500 பேர் தங்கள் மொழியில் வாசித்து 300 மணி நேரத்துக்கு மேல் பதிவு தந்தார்கள். அதைக் கொண்டு அந்த நிலையமே தன் மொழிக்கான பேச்சறி கருவியை உருவாக்கியது. வெளி நிறுவனங்கள் கேட்டு வந்தபோது தரவை விற்க மறுத்தது. குரல் எங்களுடையது, அதன் பயனும் எங்கள் மக்களுக்கே முதலில் சேர வேண்டும் என்று உரிமப் பத்திரம் எழுதிவைத்தது. ஒரு மொழிக் குழுமம் தன் மதிப்பை இப்படித்தான் காத்துக்கொள்ள வேண்டும். நிலமும் இல்லாமல் உழைப்பின் பலனும் இல்லாமல் வெளியேற்றப்பட்ட மக்களுடைய குரலும் இலவசச் சரக்காகப் போய்விடக் கூடாது.

நெகிரி செம்பிலானில் இதைச் செய்வது மலையைப் புரட்டும் வேலை இல்லை. 61 பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளியும் தன் வட்டாரத்தில் தோட்ட வேலை செய்த ஐந்து முதியவர்களைக் கண்டு, ஆளுக்கு இரண்டு மணி நேரம் பேசவிட்டால் 610 மணி நேரம் சேரும். ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளே கேள்வி கேட்கலாம். பதிவைக் கேட்டு, பேசியதைப் பேசியபடியே எழுத்தாக்குவது கடினமான பகுதி. ஒரு மணி நேரப் பேச்சுக்குப் பல மணி நேர உழைப்பு வேண்டும். சிரம்பானில் ராஜா மெலேவார் ஆசிரியர் கல்விக் கழகம் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. பயிற்சி ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் இதைக் கையில் எடுத்தால், முதல் ஐம்பது மணி நேரம் எழுத்தாகிவிட்டாலே இன்றுள்ள தமிழ்ப் பேச்சறி மாதிரி ஒன்றைத் தோட்டத் தமிழுக்குப் பழக்கத் தொடங்கலாம். சொற்கள் தனி அகராதியாகும். மறைந்த தோட்டங்களுக்குத் தமிழர் வைத்திருந்த பெயர்களைக் கேட்டு வரைபடத்தில் குறிக்கலாம். மின்னல் எஃப்எம் போன்ற வானொலி அதில் ஒரு பகுதியை ஒலிபரப்பினால் கேட்டவர்கள் தாங்களாகவே முன்வருவார்கள்.

ஒப்புதல் வாங்குவதில் குறுக்குவழி கூடாது. இன்று சில நொடிக் குரல் இருந்தால் அதேபோல் பேசும் பொய்க்குரலை உருவாக்கி முதியவரின் பிள்ளையிடமே பணம் பறிக்க முடிகிறது. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் உண்டு. அதன் எழுத்துக்கு மேலேயும் கவனம் வேண்டும். எதற்காகப் பதிகிறோம், யார் கேட்பார்கள், வேண்டாமென்றால் எப்படி அழிப்பது என்பதை அவருக்குப் புரியும் தமிழில் சொல்ல வேண்டும். பெயரையும் வீட்டு முகவரியையும் பொதுத் தொகுப்பிலிருந்து நீக்க வேண்டும். தொகுப்பின் காவலர்களாகப் பள்ளி வாரியமும் முன்னாள் மாணவர் சங்கமும் தோட்டத்துக் கோயில் நிர்வாகமும் சேர்ந்த ஒரு குழு இருப்பது நல்லது. வெளி நிறுவனம் எதுவாயினும் அந்தக் குழுவின் அனுமதியோடுதான் தொட வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 1923இல் முதலாளிக்குப் பள்ளி கட்டும் கடமையைச் சட்டம் விதித்தது போல, பொதுப்பணத்தில் உருவாகும் மலேசியச் செயற்கை நுண்ணறிவுத் திட்டம் ஒவ்வொன்றுக்கும் நாட்டின் சிறுபான்மைப் பேச்சுகளைச் சேர்க்கும் கடமை எழுத்தில் விதிக்கப்பட வேண்டும். தோட்டத் தமிழ், நெகிரி மலாய், தெமுவான், செமெலாய் எல்லாம் அதில் வர வேண்டும். இதைத் தமிழர் தனியாகக் கேட்பதைவிட, குவாலா பிலாவின் மலாய் நண்பர்களோடும் பூர்வகுடித் தலைவர்களோடும் சேர்ந்து கேட்டால் வலு அதிகம்.

ஆனால் அரசாணைக்குக் காத்திருக்க நேரமில்லை. 1960களில் பால் வெட்டத் தொடங்கியவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டிவிட்டார்கள். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், அவரிடம் கேட்டு, அவர் சம்மதத்தோடு, வருகிற பள்ளி விடுமுறைக்குள் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, என்ன வேலை என்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே அவர் வாயால் சொல்லச் செய்யுங்கள். பதிவின் ஒரு பிரதியை அந்தத் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளியிடம் ஒப்படையுங்கள்.